ஹேசலின் முதுகுக்கு அக்குபங்சர்: அலைச்சலும் அனுபவமும்

"முதல் அமர்வுக்கு முந்தைய தேதியிட்ட கால்நடை மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் இணைக்கப்படாததால் தங்கள் கோரிக்கையை ஏற்க இயலவில்லை" என்று காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. என் குதிரை ஹேசலின் மூன்று அக்குபங்சர் அமர்வுகளுக்காக நான் கட்டியிருந்த 330 பவுண்டு போனதைவிட, அதே நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் ஆறு வாரங்களுக்கு முன் தொலைபேசியில் சொன்ன சொல்தான் என்னை அதிகம் சுட்டது. சிகிச்சை தருபவரே கால்நடை மருத்துவர் என்றால் தனியாகப் பரிந்துரைக் கடிதம் தேவையில்லை என்று அவர் உறுதியாகக் கூறியிருந்தார். நான் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் அதே பதிலைத்தான் சொன்னார். பிரிட்டனில் குதிரை வைத்திருக்கும் தமிழர் சிலராவது இந்த வழியில் போக நேரலாம் என்பதால் நடந்தவற்றை எழுதி வைக்கிறேன்.

ஹேசல் 14 வயதுப் பெண் குதிரை, ஐரிஷ் டிராஃப்ட் கலப்பினம். சென்ற இலையுதிர் காலத்தில், சேணத்தின் வயிற்று வாரை இழுத்துக் கட்டும்போது காதுகளைப் பின்னுக்கு மடித்துக் கடிக்க வரத் தொடங்கியது. இடப்பக்கமாகச் சுற்றி ஓடச் சொன்னால் முதுகைக் குழித்துக்கொண்டு நின்றுவிடும். எங்கள் வழக்கமான கால்நடை மருத்துவர் கால்களைச் சோதித்து, முதுகெலும்புக்கு எக்ஸ்ரே எடுத்து, எலும்பில் குறை எதுவும் இல்லை என்றார். வலி மருந்து கொடுத்த நாட்களில் நன்றாக இருந்தது, நிறுத்தியதும் வலி திரும்பியது. அக்குபங்சர் முயன்று பார்க்கலாம் என்று அவர்தான் முதலில் சொன்னார். அந்தச் சொல்லை அவர் எங்கே எழுதி வைத்தார் என்பது பின்னால் மிக முக்கியமானது.

அவர் குறிப்பிட்ட அக்குபங்சர் கால்நடை மருத்துவரிடம் ஆறு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வளவு நாள் பொறுக்க மனமில்லாமல், என் தோள்பட்டை வலியைக் குணப்படுத்திய அக்குபங்சர் சிகிச்சையாளரிடமே கேட்டேன். அவர் மனிதர்களுக்கு மட்டுமே ஊசி போடுபவர். வந்து பார்க்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். நான் அலுவலகத்திற்கு விடுப்பு எடுத்துக்கொண்டு லாயத்தில் காத்திருந்தேன். வந்தவர் ஊசிப் பெட்டியைத் திறக்கவேயில்லை. வரும் வழியில் தன் தொழில்முறை அமைப்பிடம் விசாரித்ததாகவும், தான் குதிரையைத் தொட்டால் சட்டக் குற்றம் என்று அவர்கள் எச்சரித்ததாகவும் சொன்னார். அது உண்மைதான். 1966ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவர்கள் சட்டப்படி, விலங்குக்கு அக்குபங்சர் செய்வது கால்நடை மருத்துவர்களுக்கே உரிய வேலை. பிசியோதெரபி, ஆஸ்டியோபதி (எலும்பையும் தசையையும் கையால் நீவிச் சரிசெய்வது) போன்றவற்றை மருத்துவரின் ஒப்புதலோடு மற்றவர்கள் செய்ய 2015ஆம் ஆண்டின் விலக்கு ஆணை இடம் தருகிறது. அந்த விலக்கில் அக்குபங்சர் சேராது. ஊசியே இல்லாமல் அழுத்தம் மட்டும் கொடுப்பதாக விளம்பரம் செய்பவர்களைக் கூப்பிடுவதற்கு முன்பும் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

போவதற்கு முன் அந்தச் சிகிச்சையாளர், குதிரையை அமைதிப்படுத்த 'பாய் ஹுய்' புள்ளியை நீங்களே மெதுவாக அழுத்திவிடலாம் என்றார். அக்குபங்சர் பயின்ற தமிழர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும், மனிதருக்கு அது உச்சந்தலையில் உள்ளது. நானும் ஒரு வாரம் முழுக்க ஹேசலின் காதுகளுக்கு இடையில் அழுத்தினேன். சீனக் குதிரை வைத்தியத்தில் பாய் ஹுய் இருப்பது தலையில் அல்ல, இடுப்பு முள்ளெலும்புகள் முடிந்து திருவெலும்பு (இடுப்பின் பின்பக்க முக்கோண எலும்பு) தொடங்கும் இடத்தில், நடுக்கோட்டில், கையை வைத்தால் பள்ளமாக உணரக்கூடிய இடத்தில். தலையில் நான் அழுத்திய இடத்திற்கு 'தா ஃபெங் மென்' என்று வேறு பெயர் உண்டு. அதுவும் அமைதிக்குரியதுதான் என்பதால் கேடு எதுவும் நேரவில்லை. முதுகு வலிக்கோ அதனால் எந்தப் பயனும் இல்லை.

இந்தக் குழப்பத்திற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். சீனாவில் குதிரைக்கு ஊசி போடும் மரபு மிகப் பழையது. மிங் அரசர் காலத்தில், 1608இல், யூ பென்யுவான், யூ பென்ஹெங் என்ற சகோதரர்கள் தொகுத்த குதிரை மருத்துவ நூலில் புள்ளிகள் படத்துடன் உள்ளன. அந்த மரபில் குதிரைக்கென்றே தனிப் பெயர்களும் தனி இடங்களும் உண்டு. இன்று அட்டைகளில் அச்சாகும் எண்ணிட்ட புள்ளிகள் மனித வரைபடத்திலிருந்து குதிரைக்கு மாற்றப்பட்டவை, அந்த மாற்றம் 20ஆம் நூற்றாண்டில்தான் நடந்தது. மனிதனுக்கு 12 ஜோடி விலா, குதிரைக்கு 18. ஆகவே எந்தப் புள்ளி எந்த விலாவுக்கு அருகே வரும் என்பதில் ஒரு வரைபடத்திற்கும் இன்னொன்றுக்கும் ஒரு விலா இடைவெளி வரை வேறுபாடு காணலாம். இணையத்தில் வாங்கிய படத்தைச் சுவரில் ஒட்டிக்கொண்டு சாக்பீஸால் குறி போடுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள். முன்னாலிருந்து விலாவை எண்ணாதீர்கள். முதல் ஆறு விலாக்கள் தோள்பட்டைக்கும் தசைக்கும் அடியில் மறைந்திருப்பதால் விரலுக்கு அகப்படா. கடைசி விலாவைத் தொட்டு அதைப் பதினெட்டு என்று கொண்டு முன்னோக்கி எண்ணுவதே சரியான முறை.

இன்னொரு தவறும் செய்தேன். பேனா மூடியால் முதுகு நெடுக அழுத்தி வலி எங்கே என்று தினமும் சோதித்தேன். பத்து நாளில், பேனாவைக் கண்டாலே ஹேசல் முதுகைத் தாழ்த்தத் தொடங்கிவிட்டது. உண்மையான வலியையும் பழக்கத்தால் வந்த அச்சத்தையும் பிரித்தறிய மருத்துவர் அதனால் சிரமப்பட்டார். தயவுசெய்து அதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

ஆறு வாரமும் கழிந்தது. டிரெய்லரில் ஏற்றி 40 மைல் ஓட்டிச் சென்றோம். முகப்பில் இருந்தவர் முதலில் கேட்டது குதிரையின் அடையாள ஆவணமான பாஸ்போர்ட்டை. அது வீட்டில், மேசை இழுப்பறையில் இருந்தது. இங்கிலாந்தில் குதிரையை வண்டியில் ஏற்றிச் செல்லும்போது பாஸ்போர்ட் உடனிருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாத சட்டம் அல்ல, அன்று காலை அவசரத்தில் எடுக்க மறந்துவிட்டேன். கைப்பேசியில் இருந்த புகைப்படத்தைக் காட்டினேன், கணினியில் மைக்ரோசிப் எண்ணைத் தேடிப் பார்க்கும்படி கெஞ்சினேன். பாஸ்போர்ட் இல்லாத குதிரையை இறக்க விடுவதில்லை என்பது எங்கள் விதி என்று தலையை நிமிர்த்தாமலே சொன்னார். அவர் சொன்னது விதிப்படி சரியே. ஆனால் டிரெய்லருக்குள் வியர்த்து நின்ற குதிரைக்கு ஒரு வாளித் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை என்பது இன்றும் எனக்கு ஆறவில்லை. அடுத்த நேரம் பதினோரு நாள் கழித்துக் கிடைத்தது.

அந்த அக்குபங்சர் மருத்துவரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஊசியின் உறை முனையால், தோள்மேட்டின் பின்புறம் தொடங்கி, ஒரே சீரான அழுத்தத்தில், நடுக்கோட்டிலிருந்து சுமார் மூன்று சுன் (உடலின் அளவுக்கேற்ப மாறும் சீன நீள அளவு) தள்ளி, இரண்டு நீளத் தசைகளுக்கு இடையே உள்ள பள்ளத்தில் இழுத்துக்கொண்டே வந்தார். தமிழ்நாட்டில் 'யூ.பி.' என்று சொல்லப்படும் சிறுநீர்ப்பைத் தடத்தைத்தான், அதாவது முதுகு நெடுக எண்ணிட்ட புள்ளிகள் வரும் கோட்டைத்தான், இங்கே குதிரை மருத்துவர்கள் 'பி.எல்.' என்கிறார்கள். எட்டாவது விலா இடைவெளியில் உள்ள பி.எல். 13 நுரையீரலுக்குரியது, இருமல், மூச்சுத் தொல்லைக்கு மரபில் பயன்படுவது. அங்கே ஹேசல் அசையவில்லை. பதின்மூன்று, பதினான்காம் இடைவெளிகளில் கல்லீரலுக்குரிய பி.எல். 18 இருக்கிறது. கண்ணும் தசைநாணும் கல்லீரலின் ஆளுகையில் இருப்பதாகச் சீன மரபு கொள்வதால் அவற்றின் கோளாறுகளுக்கு இந்தப் புள்ளியைத் தேர்வார்கள். அங்கே தோல் சிறிது சிலிர்த்தது. செரிமானத்திற்கும் தசை வலுவுக்கும் உரிய மண்ணீரல் புள்ளி, பி.எல். 20, பதினேழாவது இடைவெளியில் வருகிறது. அதைக் கடந்து, கடைசி விலாவுக்குப் பின்னால், வயிற்றுக்குரிய பி.எல். 21இல் முனை பட்டதும் ஹேசலின் முதுகு ஒரு கையளவு கீழே இறங்கியது. பின்னங்கால் தரையில் ஓங்கி அறைந்தது. இரண்டாம், மூன்றாம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள சிறுநீரகப் புள்ளியிலும், அதாவது பி.எல். 23இலும், வலி தெரிந்தது. முதிய குதிரைகளின் இடுப்பு வலி, பின்னங்கால் தளர்ச்சி, குளிர்காலத்தில் கூடும் விறைப்பு ஆகியவற்றுக்கு முதலில் நினைக்கப்படும் புள்ளி அது.

முதல் ஊசி பாய் ஹுய்யில் இறங்கியது. சில நொடிகளில் ஹேசல் நீண்ட பெருமூச்சு விட்டது, கீழுதடு தொங்கியது, கண்ணிமை பாதி மூடியது. பிறகு பாய் ஹுய்யின் இருபுறமும் இரண்டு சுன் தள்ளி உள்ள 'ஷென் ஷு', அதன் முன்னும் பின்னும் உள்ள 'ஷென் பெங்', 'ஷென் ஜியாவ்' ஆகியவற்றில் ஊசி ஏற்றினார். இந்த மூன்று இடங்களும் குதிரை மரபுக்கே உரியவை, மனித வரைபடத்தில் 'ஷென் ஷு' என்ற பெயர் பி.எல். 23ஐக் குறிக்கும், இடம் வேறு. இடுப்பு, தொடை வலிக்கு இவற்றை ஒரு தொகுப்பாகவே கையாளுகிறார்கள். விலாப் பகுதியில் ஊசியை ஆழமாகவோ நேர்செங்குத்தாகவோ இறக்கக் கூடாது, உள்ளே நுரையீரல் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே சாய்த்து ஏற்றினார். ஹேசல் சினையாக இல்லை என்பதை முன்பே இரண்டு முறை கேட்டு உறுதி செய்திருந்தார். சினைக் குதிரைக்கு இடுப்பு, திருவெலும்புப் பகுதிப் புள்ளிகளைத் தவிர்ப்பது வழக்கம்.

இருபது நிமிடம் முடியும் தறுவாயில் ஹேசல் உடம்பை ஒரு உலுக்கு உலுக்கியது. ஏற்றியவை 14 ஊசிகள், எடுத்தவை 13. வைக்கோலை அள்ளிக் கொட்டி, காந்தம் பதித்த ஒரு கோலால் தரையைத் தடவித் தடவி, அரை மணி நேரத்தில் அந்த ஒரு ஊசியை மருத்துவர் கண்டெடுத்தார். அது குதிரையின் குளம்பிலோ வாயிலோ போயிருந்தால் என்ன ஆகும் என்பதை நினைத்தாலே நடுங்குகிறது. உங்கள் லாயத்திலேயே சிகிச்சை நடந்தால், தரையை முதலில் கூட்டிவிடுங்கள், எண்ணிக்கையை நீங்களும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு காந்தத்தை அருகில் வைத்திருங்கள்.

பி.எல். 21 வலித்தது என்றவுடன் எனக்கு வயிற்றுப்புண்தான் என்று தோன்றிவிட்டது. மரபு விளக்கமும் அதையே சொல்கிறது. மருத்துவர் மறுக்கவில்லை. அதே இடம்தான் சேணத்தின் பின்விளிம்பு முடிய வேண்டிய எல்லை என்றும், கடைசி விலாவைத் தாண்டிச் சேணம் அழுத்தினால் அங்கே இதே வலி வரும் என்றும், இரண்டையும் சோதிக்காமல் முடிவு செய்யக் கூடாது என்றும் சொன்னார். இரவு முழுக்கத் தீவனம் நிறுத்தி எண்டோஸ்கோபி (குழாய்க் கேமராவை வயிற்றுக்குள் விட்டுப் பார்ப்பது) செய்தோம், வயிறு சுத்தமாக இருந்தது. சேணம் பொருத்துபவர் வந்து பார்த்தபோது, சேணம் கடைசி விலாவுக்குப் பின்னால் மூன்று விரல் அகலம் நீண்டிருப்பதைக் காட்டினார். இரண்டு ஆண்டுகளில் ஹேசலின் முதுகுத் தசை மாறியிருந்ததையும், அந்தச் சேணம் அதற்கு நீளம் என்பதையும் நான் கவனிக்கவேயில்லை. புள்ளி காட்டிய வலி உண்மை, அதற்கு வைத்த பெயர்தான் எங்கள் விஷயத்தில் பொருந்தவில்லை. ஊசிகள் தசையைத் தளர்த்தின என்பதை என் கையால் தொட்டே உணர்ந்தேன். ஆனால் அந்தச் சேணத்தை மாற்றாமல் இருந்திருந்தால் ஆண்டு முழுக்க ஊசி போட்டுக்கொண்டுதான் இருந்திருப்போம் என்று நம்புகிறேன்.

இனி காப்பீட்டு விஷயம். தொலைபேசியில் பேசியதற்கு என்னிடம் எழுத்தில் எதுவும் இல்லை, பேசியவரின் பெயரையும் நான் குறித்து வைக்கவில்லை. முதல் அமர்வுக்குப் பின் எழுதி வாங்கிய பரிந்துரைக் கடிதத்தை அனுப்பினேன். தேதி பிந்தியது என்று அதையும் திருப்பினார்கள். மேல்முறையீட்டுப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்த இரவில்தான், எங்கள் வழக்கமான மருத்துவமனையிடம் ஹேசலின் முழுச் சிகிச்சைப் பதிவேட்டைக் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. கேட்ட மறுநாளே அனுப்பினார்கள். அக்டோபர் 9ஆம் தேதிக் குறிப்பின் கடைசி வரியில், "வலி மருந்துக்கு மாற்றாக அக்குபங்சருக்கு அனுப்பப் பரிந்துரை" என்று இருந்தது. முதல் அமர்வுக்கு ஏழு வாரங்களுக்கு முந்தைய தேதி. அந்தப் பக்கத்தை மட்டும் இணைத்து அனுப்பினேன். எட்டாம் நாள், நாமே ஏற்க வேண்டிய 'எக்ஸஸ்' தொகை போக மீதி முழுவதையும் தர ஒப்புக்கொண்டு பதில் வந்தது. வருத்தம் என்ற ஒரு சொல் அதில் இல்லை.

எனவே கோரிக்கை அனுப்பும் முதல் நாளே, கடிதத்திற்காகக் காத்திருக்காமல், பதிவேட்டை முழுமையாக வாங்கி இணைத்துவிடுங்கள். தொலைபேசியில் ஒருவர் உறுதி தந்தால், அவர் பெயரையும் நாளையும் நேரத்தையும் கேட்டு, நீங்கள் புரிந்துகொண்டதை அன்றே மின்னஞ்சலில் அவர்களுக்கு எழுதிவிடுங்கள். எண்டோஸ்கோபிக்கு வேறொரு கோரிக்கை எண் வேண்டும் என்றார்கள், அது இன்னும் நிலுவையில் இருக்கிறது. புதிய சேணத்தின் செலவைக் காப்பீட்டில் ஏற்கமாட்டார்கள், அதை நானே கட்டினேன். பாஸ்போர்ட் இப்போது நீர்புகாத உறையில் டிரெய்லரின் உட்கதவில் தொங்குகிறது. நேற்றுக் காலை வயிற்று வாரைக் கட்டியபோது ஹேசல் தலையைத் திருப்பவில்லை, காதுகள் முன்னோக்கியே இருந்தன.