குறைந்த பிரீமியத்துக்கு நாங்கள் கொடுத்த விலை

2022 மே மாதம் கோவையில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றேன். வேலையில் இருந்தவரை எனக்கும் மனைவிக்கும் கம்பெனியின் குரூப் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசி இருந்தது. கடைசி வேலைநாளோடு அதுவும் போனது. சீக்கிரம் ஒரு பாலிசி எடுத்தாக வேண்டும் என்ற பதற்றத்தில்தான் அடுத்த முடிவுகளை எல்லாம் எடுத்தேன்.

குரூப் பாலிசியில் இருப்பவர் அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பிக்கலாம். அவர்கள் ஏற்றுக்கொண்டால், அதுவரை காப்பீட்டில் இருந்த வருடங்கள் காத்திருப்புக் காலத்தில், அதாவது சில நோய்களுக்குப் பணம் கிடைக்காத தொடக்கக் காலத்தில், கழியும். எனக்கு இது அப்போது தெரியாது, அலுவலகத்திலும் யாரும் சொல்லவில்லை. ஓய்வுக்கு ஆறு மாதம் இருக்கும் நண்பர்களிடம் இப்போது முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

முகவர் இரண்டு பாலிசிகளைக் காட்டினார். இரண்டும் எங்கள் இருவருக்கும் சேர்த்து 5 லட்சம் ரூபாய்க்கு. ஒன்றுக்கு வருடப் பிரீமியம் 45,000, இன்னொன்றுக்கு 27,000. “ரெண்டுலயும் அதே அஞ்சு லட்சம்தான் சார், எதுக்குக் கூடக் கட்டணும்?” என்றார். எனக்கு வரும் பி.எஃப். பென்ஷனை வைத்துப் பார்த்தால் 18,000 ரூபாய் வித்தியாசம் பெரிய தொகை. மனைவிக்குச் சர்க்கரையும் பி.பி.யும் இருந்தன. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு விலை குறைந்த பாலிசியில் ஒரு வருடக் காத்திருப்புதான். அது நியாயமான காரணம், இன்றும் அதில் எனக்குக் குறை இல்லை.

பாலிசியில் இருந்த இரண்டு நிபந்தனைகளையும் படித்துத்தான் கையெழுத்துப் போட்டேன். ஒன்று 30 சதவீதக் கோ-பே, அதாவது ஏற்கப்பட்ட பில்லில் 30 சதவீதம் நம் பொறுப்பு. இன்னொன்று, அறை வாடகை ஒரு நாளைக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், அதாவது 5,000 ரூபாய் வரைதான். வாடகை கூடினால் அந்த வித்தியாசத்தை மட்டும் நாம் கட்டிவிடலாம் என்று நினைத்தேன். தவறு செய்தது அங்கேதான்.

2025 மார்ச்சில் ஒரு இரவு மனைவிக்கு நெஞ்சுவலி. பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஏற்றிக்கொண்டு போனோம். ஆஞ்சியோகிராமில் இரண்டு அடைப்புகள் தெரிந்தன, உடனே ஸ்டென்ட் வைத்தார்கள். ஐ.சி.யு.வில் இருந்து வெளியே கொண்டுவரும்போது, “ரெண்டு பேர் தங்குற ரூம் 4,500, தனி ரூம் 8,000, எது வேணுங்க?” என்று கேட்டார்கள். பெங்களூரிலிருந்து வந்திருந்த மகன், “அம்மாவுக்குத் தனி ரூமே போடுங்கப்பா” என்றான். எனக்கும் மறுக்க மனமில்லை. பாலிசியில் வாடகை வரம்பு எவ்வளவு என்று அந்த நேரத்தில் யாரும் பேசவில்லை.

அறைக்கு வந்து நான்கு நாள் கழித்து டிஸ்சார்ஜ். மொத்த பில் 3,20,000 ரூபாய். மதியம் எஸ்.எம்.எஸ். வந்தது: 1,36,500 ரூபாய் அனுமதி. மீதி 1,83,500 ரூபாயை நாங்கள் கட்ட வேண்டும். மகன் கார்டில் ஒரு லட்சம் தேய்த்தான், மற்றதற்கு நான் எஃப்.டி.யை உடைத்தேன். மனைவி சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, “எவ்வளவுங்க ஆச்சு?” என்று இரண்டு முறை கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான், நிறுவனம் எதற்கு எவ்வளவு வெட்டியது என்று காட்டும் தாளை வரி வரியாகப் பார்த்தேன். பல மருத்துவமனைகளில் பெரிய அறை எடுத்தால் டாக்டர் கட்டணம், நர்சிங், ஆபரேஷன் அரங்குக் கட்டணம் எல்லாம் கூடவே ஏறும். அதனால் 5,000 வரம்பு உள்ளவர் 8,000 ரூபாய் அறையில் தங்கினால், நிறுவனம் அந்தக் கட்டணங்களையும் எட்டில் ஐந்து பங்குதான், அதாவது 62.5 சதவீதம்தான் ஏற்கும். எங்கள் பில்லில் இப்படிப்பட்ட கட்டணங்கள் 1,60,000 ரூபாய், ஆக அதில் 60,000 போனது. நான்கு நாள் வாடகை 32,000 ரூபாயில் 12,000 போனது. கையுறை, பஞ்சு போன்றவை 8,000, அதற்கு ஒன்றும் கிடையாது. இது வரைக்கும் பாலிசியில் எழுதியிருந்தபடிதான் நடந்தது.

ஆனால் மருந்து, ஸ்டென்ட், பரிசோதனை, ஐ.சி.யு. எல்லாம் சேர்ந்த 1,20,000 ரூபாயையும் அதே விகிதத்தில் வெட்டி 75,000 ஆக்கியிருந்தார்கள். பாலிசிப் புத்தகத்தில் விகிதாசாரக் கழிவு எதற்குப் பொருந்தும் என்று விளக்கும் பகுதியைத் தேடிப் படித்தேன். மருந்து, உள்ளே பொருத்தும் கருவி, பரிசோதனை ஆகியவற்றுக்கும் ஐ.சி.யு. கட்டணத்துக்கும் அது பொருந்தாது என்று தெளிவாகவே இருந்தது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2020-ல் கொண்டுவந்த விதி இது.

அந்தப் பக்க எண்ணைக் குறிப்பிட்டு, ஒவ்வொரு பில் வரிக்கும் பக்கத்தில் கணக்குப் போட்டு, நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வராவிட்டால் ஒரு மாதம் கழித்துச் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. அந்தக் கடிதத்தையும் எழுதி வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. மூன்றாவது வாரம் 31,500 ரூபாய் கணக்கில் ஏறியது. வெட்டிய 45,000-ல் கோ-பே போக மீதி அது. தொகையைவிட, நாம் சரியாகத்தான் படித்திருக்கிறோம் என்ற நிம்மதி பெரியது.

அப்புறம் உட்கார்ந்து முழுக் கணக்கையும் பார்த்தேன். நிறுவனம் கொடுத்தது மொத்தம் 1,68,000, எங்கள் கையிலிருந்து போனது 1,52,000. வாடகை வரம்பும் கோ-பேயும் இல்லாத அந்த 45,000 ரூபாய் பாலிசி இருந்திருந்தால் 8,000 ரூபாயோடு முடிந்திருக்கும். மூன்று வருடப் பிரீமியத்தில் நான் மிச்சம் பிடித்தது 54,000. ஒரே ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனதில் அது கரைந்து, மேலே 90,000 ரூபாய் நட்டம். 4,500 ரூபாய் அறையை எடுத்திருந்தால் கோ-பே மட்டும்தான் பெரிதாகக் கடித்திருக்கும். பாலிசி வாங்கும் முன்பே தெரிந்தவர் ஒருவரின் பழைய பில்லை வாங்கி இப்படி ஒருமுறை போட்டுப் பார்த்திருக்கலாம். கணக்குப் பிரிவில் இத்தனை வருடம் இருந்தும் அது தோன்றவில்லையே என்பதுதான் இன்னும் மனதை உறுத்துகிறது.

வேறு நிறுவனத்துக்கு மாறலாம் என்று பார்த்தோம். புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும், எங்களுக்கு ஜூன் என்பதால் ஏப்ரலிலேயே அனுப்பினேன். என்னை எடுத்துக்கொண்டார்கள். ஸ்டென்ட் வைத்த காரணத்தால் மனைவியை எடுக்க மறுத்துவிட்டார்கள். மாறும் உரிமை நமக்கு உண்டு, ஆனால் புதிய நிறுவனம் உடல்நிலையைப் பார்த்து மறுக்கலாம். 2022-ல் அவளுக்கு இதய நோய் இல்லை. அப்போது திறந்திருந்த கதவு இப்போது மூடிவிட்டது. இதை யோசித்தால்தான் வலிக்கிறது.

இப்போது நான் கோ-பே இல்லாத தனி பாலிசியில் இருக்கிறேன். அவள் பழையதிலேயே தொடர்கிறாள். அதை விட்டுவிடுவது பற்றி நாங்கள் நினைக்கவே இல்லை, 70 சதவீதமாவது வரும் அல்லவா. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஆணையத்தைக் கலந்து பேசாமல் வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. அதே வருடம் செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் இல்லை. இந்த இரண்டும் எங்களுக்கு உண்மையான உதவி. மிச்சமாகும் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து, அவள் பெயரில் மாதாமாதம் ஆர்.டி. கட்டுகிறேன். 30 சதவீதத்துக்கான பணம் அது, வேறு எதற்கும் தொடுவதில்லை.

அவளுடைய பாலிசி ஃபைலின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: “அறை வாடகை ஒரு நாளைக்கு 5,000-க்குள் மட்டும்.” அதைப் படம் எடுத்து மகனுக்கும் மருமகளுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன்.