காற்று போகும் பக்கம்: வில் வேட்டை நாட்குறிப்பு

5 அக்டோபர் 2024, சனி

வேட்டைத் துணிகளை இன்று துவைத்தேன். வாசனையில்லாத சோப்புத்தூள், கொஞ்சம் சமையல் சோடா, அவ்வளவுதான். வெள்ளையைப் பளிச்சென்று காட்டும் சோப்புத்தூள் ஆகாது. அதில் இருக்கும் சாயம் மானின் கண்ணுக்கு நீலமாக மின்னும். டிரையரிலும் போடவில்லை, வாசனைத் தாள்களின் மணம் அதில் ஊறிக் கிடக்கிறது. கொல்லைப்புறத்தில் கொடி கட்டிக் காயவைத்து, மூடி இறுகும் பெட்டியில் அடைத்து நேராகக் காரில் வைத்துவிட்டேன். வீட்டுக்குள் வைத்தால் ஒரு சாம்பார் தாளிப்பு போதும், பெருங்காயமும் கறிவேப்பிலையும் நூல்நூலாக ஏறிவிடும். தலைக்குத் தேங்காய் எண்ணெயும் சீசன் முடியும்வரை கிடையாது.

துப்பாக்கி வைத்திருப்பவருக்கு நூறு மீட்டருக்கு மேல் இடைவெளி கிடைக்கும். வில்லுக்கு நான் வைத்துக்கொண்டிருக்கும் எல்லை 20 கஜம், அதாவது 18 மீட்டர். அதற்குள் மான் தானாக நடந்து வர வேண்டும். அதன் கண்ணை ஏமாற்றலாம். வெள்ளைவால் மானுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் சரியாகத் தெரியாது, அசையாமல் இருந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். சத்தம் கேட்டால் நின்று பார்க்கும், சந்தேகம் தீர்ந்தால் மறுபடி மேயும். மனித வாடை மூக்கில் ஏறிவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை, ஓட்டம்தான்.

19 அக்டோபர், சனி

பனியாறுகள் மூடாமல் விட்ட நிலம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தின் இந்தத் தென்மேற்கு மூலை. கிக்கப்பூ ஆற்றை ஒட்டி ஓக் மரங்கள் நிறைந்த குன்றுகள், இடையிடையே ஒடுங்கிய பள்ளங்கள். சமதரையில் வானிலைச் செயலி சொல்லும் காற்றை நம்பி உட்காரலாம். இங்கே முடியாது. வடமேற்குக் காற்று என்று போட்டிருக்கும், முகட்டைத் தாண்டியதும் அது சுழன்று எதிர்ப்பக்கமிருந்து வரும்.

அதற்குத்தான் மில்க்வீட். நம் எருக்கின் உறவுக்காரச் செடி, அதே மாதிரி காய் வெடித்துப் பஞ்சு பறக்கும். ஒரு காய் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். இன்று மரத்தில் கட்டிய பரணில் உட்கார்ந்து ஒரு விதையைக் கிள்ளி விட்டேன். கொஞ்ச தூரம் நேரே போனது, ஒரு ஹிக்கரி மரத்தருகே தயங்கி நின்றது, அப்புறம் இடப்பக்கம் திரும்பிச் சரிவில் ஏறி முகட்டுக்கு அப்பால் மறைந்தது. என் வாடையும் அதே வழியில்தான் போகிறது. காற்றுப் பார்க்கக் குப்பியில் விற்கும் பவுடர் சில அடிகளிலேயே கரைந்துவிடும், இதெல்லாம் காட்டாது.

காலையில் வெயில் பட்டுச் சரிவு சூடானால் காற்று மேலே ஏறும். சாயங்காலம் நிழல் விழுந்ததும் குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி பள்ளத்துக்கு வடியும். வயதான ஆண் மான்கள் இதை வைத்துத்தான் படுக்க இடம் பிடிக்கின்றன. முகட்டுக்குச் சற்றுக் கீழே, காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி. பின்னால் வருபவனை மூக்கு சொல்லிவிடும், முன்னால் கண் பார்த்துக்கொள்ளும், பள்ளத்தில் நடப்பதை மேலேறும் காற்று கொண்டுவந்து சேர்க்கும். இப்படிப் படுத்திருக்கும் ஒன்றைத் தேடிப் போவதில் அர்த்தமே இல்லை.

20 அக்டோபர், ஞாயிறு

காலையில் ஒரு பிணைமானும் அதன் குட்டியும். திடீரென்று காற்று நின்றுபோனது. பிணை தலையைத் தூக்கியது, நாக்கால் மூக்கை ஈரமாக்கிக்கொண்டது, முன்னங்காலால் தரையைத் தட்டியது. குளம்பிடுக்கில் ஒரு சுரப்பி உண்டு, தட்டிய இடத்தில் அதன் மணம் தங்கும். பிறகு மூக்கால் ஒரு சீறல், வெள்ளை வால் நிமிர்ந்தது, இரண்டும் போய்விட்டன. இந்தப் பரணுக்கு இந்த மாதம் ஓய்வு.

2 நவம்பர், சனி

வேட்டைக்குப் புதிதான தம்பி ஒருவரை அழைத்துப் போனேன். வழியெல்லாம் கேள்வி.

"அண்ணா, வாடையை அழிக்கும் என்கிறார்களே, அந்த ஓசோன் மெஷின் வாங்கலாமா?"

"வேண்டாம் தம்பி. மரத்தில் உட்கார்ந்து மூச்சு விடத்தானே போகிறீர்கள்? அதை எந்த மெஷின் நிறுத்தும்? அந்தப் பணத்துக்கு நல்ல பாதுகாப்புப் பட்டை வாங்குங்கள், இருபதடி உயரத்தில் அதுதான் உயிர்."

வாடையைக் குறைக்கலாம், ஒழிக்க முடியாது. அது எங்கே போய் விழ வேண்டும் என்பதை மட்டும் நாம் தீர்மானிக்கலாம். பரணுக்குப் போகும் வழியிலும் இதே கணக்குதான். மான் தடத்தைக் குறுக்கே வெட்டாமல், ரப்பர் பூட்ஸ் போட்டு ஓடைக்குள்ளேயே நடந்து போனோம். கைபட்ட கிளையில்கூட வாடை தங்கும்.

மானை ஈர்க்க விற்கும் மான் மூத்திரக் குப்பியைப் பற்றியும் கேட்டார். எனக்கு அது அறவே பிடிக்காது. மான்களைக் கொல்லும் சிடபிள்யூடி நோய் இந்த மாநிலத்தில் 2002-இல் தெரியவந்தது. அதற்குக் காரணமான பிரியான் என்ற கெட்டுப்போன புரதம் எச்சிலிலும் மூத்திரத்திலும் வெளியேறும், மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். வர்ஜீனியா, வெர்மான்ட் மாநிலங்கள் இந்தக் குப்பிகளைத் தடையே செய்துவிட்டன.

9 நவம்பர், சனி

இணைசேரும் காலம் உச்சத்தில் இருக்கிறது. இப்போது ஆண் மான் ஒவ்வொரு புதராக நுழைந்து தேடாது. பிணைகள் படுத்திருக்கும் புதருக்குக் காற்று போகும் பக்கமாக ஒருமுறை நடந்தால் போதும், உள்ளே யார் தயார் என்று மூக்கு சொல்லிவிடும். அந்த நடைக்கும் அப்பால், காற்று இன்னும் தள்ளிப் போகும் பக்கத்தில் பரணைக் கட்டியிருந்தேன். பஞ்சு எனக்குப் பின்னால் செங்குத்தான ஓடைக்கரைக்குப் போய் இறங்கியது. அங்கே எந்த மானும் நடக்காது.

ஒன்பது மணிக்குப் பிறகு வந்தது. எட்டுக் கிளைக் கொம்பு, வீங்கிய கழுத்து, முகம் முழுக்கப் புதரின் பக்கம். ஓக் மரத்துக்குப் பின்னால் தலை மறைந்தபோது நாணை இழுத்தேன். வாயால் மெல்லச் சத்தம் கொடுத்ததும் நின்றது. 16 கஜம். அம்பு நுரையீரலில் பாய்ந்தது. அரை மணி நேரம் இறங்காமல் இருந்து, பிறகு ரத்தத் தடத்தைப் பிடித்துப் போனேன். தூரம் அதிகமில்லை.

ஊரிலிருந்து சிலர் கேட்கிறார்கள், மானைக் கொல்வது குற்றமில்லையா என்று. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்தான். இங்கே பயிற்சி முடித்து, உரிமம் வாங்கி, மறுநாள் மாலை 5 மணிக்குள் மானைப் பதிவுசெய்ய வேண்டும். பதிவு முடிந்தது. தலையைச் சிடபிள்யூடி பரிசோதனைப் பெட்டியில் போட்டுவிட்டேன். முடிவு வரும்வரை கறி ஃப்ரீசரில் இருக்கும், யாருக்கும் பங்கு கொடுக்கப்போவதில்லை.