பத்தா, நாலா?

“கண்ணால் பார்த்தீர்களா அம்மா, சத்தம் மட்டும் கேட்டீர்களா?” என்று கேட்டேன். அந்த இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குக் கிளம்ப ஐந்து மணிக்கு எழுந்த அந்த அம்மா, கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் நின்றுபோயிருப்பதைக் கண்டிருக்கிறார். பக்கத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், ஒருவர் எண்ணெய் போட்டு நீவிவிட்டதில் கொஞ்சம் நேரம் போனது. (தோட்டத்தில் மருந்து கொடுத்துவந்த பழைய டிரெஸ்ஸர் இருந்திருந்தால் நீவ விட்டிருக்க மாட்டார்.) எங்கள் மருத்துவமனைக்கு வந்தபோது மணி ஆறரை. இரவு பத்து மணிக்கு நன்றாகப் பேசிவிட்டுத்தான் படுத்தாராம். “நாலு மணிக்கு எழுந்து குழாயடிக்குப் போனாரே தம்பி, இருமினாரே” என்றார் அந்த அம்மா. அப்போதுதான் நான் அப்படிக் கேட்டேன். வீட்டில் பேரனும் இருந்தான். குழாயைத் திறந்தது அவனாகவும் இருக்கலாம். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். “நீங்கள் இப்படிக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை தம்பி.”

பத்து என்று எழுதினேன்.

ரத்தக்கட்டைக் கரைக்கும் ஆல்டெப்ளேஸ் மருந்தை, நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். 1995இல் வெளியான முதல் பெரிய ஆய்வு மூன்று மணி நேரம்தான் என்றது. 2008இல் அது நாலரையானது. அந்த முதல் ஆய்வில் மருந்து பெற்றவர்களில் 6.4 விழுக்காட்டினருக்கு மூளைக்குள் ரத்தம் கசிந்து உடல்நிலை மோசமானது. பெறாதவர்களில் அது 0.6 விழுக்காடு. இந்தக் கணக்கைத் தெரிந்துவைத்துக்கொண்டு ஓர் இருமலை நம்பி நேரம் எழுத முடியுமா?

ஆனால் அது யாருடைய இருமல் என்று அவருக்குத் தெரியாதா? கண்ணால் பார்த்திருக்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. அவர் உறுதியாகத்தான் வந்தார். என் கேள்விதான் அவரைத் தடுமாற வைத்தது.

நாலு என்றே வைத்துக்கொள்வோம். கெடு எட்டரை. எங்களிடம் சிடி ஸ்கேன் கிடையாது. ரத்தக்கசிவு இல்லை என்று ஸ்கேனில் உறுதிப்படுத்தாமல் இந்த மருந்தைத் தொடவே கூடாது. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் சாலைப் பயணம். ஆம்புலன்ஸோ பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. எழுதியது எதுவானாலும் மருந்து ஏறியிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நாலு என்று சொல்லியிருந்தால் அங்கே ஸ்கேன் அறையைத் தயாராக வைத்திருப்பார்கள், வேறு வண்டிக்கும் முயன்றிருப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். பத்து என்றதும் தொலைபேசியில் குரலே தளர்ந்துவிட்டது. “நிதானமாக அனுப்புங்கள்” என்றார்கள்.

தூக்கத்தில் பக்கவாதம் கண்டவர்களுக்கு எம்ஆர்ஐ பார்த்து மருந்து கொடுக்கலாம் என்று 2018இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. ஸ்கேனே இல்லாத ஊரில் எம்ஆர்ஐக்கு எங்கே போவது!

இப்போதெல்லாம் வீட்டார் சொல்வதைச் சொன்னபடியே எழுதுகிறேன்: படுத்தது பத்து, இருமல் கேட்டது நாலு. புதிதாக வருபவர்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். தொலைபேசியில் இரண்டையும் சொன்னால், “ஏதாவது ஒரு நேரத்தைச் சொல்லுங்கள்” என்கிறார்கள்.