மாட்டோ க்ரோஸோவுக்குப் போறோம், அக்காவும் நானும்

டிக்கெட் போட்டாச்சு. ஜூலை ரெண்டாவது வாரம் சென்னைலேர்ந்து கிளம்பி துபாய், அங்கேர்ந்து சாவ் பாவ்லோ, அப்புறம் குயாபா. மொத்தம் 17 நாள், ஒரே நாடு, பிரேசில், அதுலயும் மாட்டோ க்ரோஸோங்கற ஒரே ஒரு மாநிலம். இந்த முடிவுக்கு வர எங்களுக்கு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, அதைத்தான் எழுதலாம்னு உக்காந்தேன், ஏன்னா இதே மாதிரி தென் அமெரிக்கா போய் மிருகம் பறவை பாக்கணும்னு ஆசைப்படுறவங்க எல்லாரும் நாங்க ஆரம்பிச்ச இடத்துலதான் ஆரம்பிப்பாங்கன்னு தோணுது.

நாங்க ஆரம்பிச்சது எப்படின்னா, ஒரு நோட்டுல ஆசைப்பட்ட எல்லாத்தையும் எழுதினோம். அமேசான், கலாபகஸ் தீவு, மாச்சு பிச்சு, இகுவாசு அருவி, பான்டனால் சதுப்பு நிலம். ஒரு டிராவல்ஸ்ல கேட்டதுக்கு 15 நாள்ல 4 நாடுன்னு அழகா ஒரு பிளான் போட்டுக் குடுத்தாங்க. ராத்திரி உக்காந்து அதுல எத்தனை ஃப்ளைட்னு எண்ணிப் பார்த்தேன், 11 வந்துச்சு. காட்டுல விலங்கு நடமாடுற நேரமே விடிகாலையும் சாயங்காலமும்தான், அந்தப் பிளான்படி பாதி நாள் விடிகாலைல நாங்க ஏர்போர்ட்ல செக்யூரிட்டி க்யூல நின்னுட்டு இருப்போம். அக்கா ஒரே வார்த்தைதான் சொன்னா, "ஏண்டி, நாம பறவை பாக்கப் போறோமா இல்ல ப்ளேன் பாக்கப் போறோமா?"

அக்கா 34 வருஷம் ஸ்கூல்ல விலங்கியல் எடுத்தவ. இப்ப வயசு 62. அவ சொல்றதுல நியாயம் இருந்துச்சு, அந்த நோட்டுப் பக்கத்தைக் கிழிச்சுட்டு புதுசா ஆரம்பிச்சோம்.

அடுத்து மனசுல நின்னது பெரு, மனு தேசியப் பூங்கா. 1973ல ஆரம்பிச்சது, 1987ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமா அறிவிச்சாங்க, ஆயிரத்துக்கும் மேல பறவை இனம் அந்த ஒரே பூங்காவுல. குஸ்கோலேர்ந்து ஒரு ரோடு ஆண்டீஸ் மலை ஏறி, மேகக் காடு வழியா கீழ அமேசான் வரைக்கும் இறங்குது, ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் பறவைகளே மாறிடும்னு சொல்றாங்க. இதைப் படிச்சுட்டு எனக்கு ரெண்டு நாள் தூக்கமே வரல. ஆனா குஸ்கோ இருக்கறது 3,400 மீட்டர் உயரத்துல, அக்காவுக்கு பிரஷர் மாத்திரை உண்டு, நம்ம ஊட்டியே 2,240 மீட்டர்தான், அதுல ஒன்றரை மடங்கு உயரத்துல போய் இறங்கின முதல் நாளே அவ தலைவலியும் மூச்சுத்திணறலுமா படுத்துட்டா நான் என்ன பண்ணுவேன். குஸ்கோவைத் தொடாம லீமாலேர்ந்து நேரா புவேர்ட்டோ மல்டோனாடோ போய் தம்போபாட்டா காட்டுக்குப் போகலாம்தான், அங்க ஆத்தங்கரை களிமண் சுவத்துல நூத்துக்கணக்கான மக்காவ் கிளிங்க வந்து மண்ணைத் தின்னும். கடல்லேர்ந்து ரொம்ப தள்ளி இருக்கறதால அந்தக் காட்டுல உப்பே கிடைக்காது, அந்த சோடியத்துக்காகத்தான் மண்ணைத் திங்குதுங்கறதுதான் இப்ப பலமா இருக்கற விளக்கம். அதை விட்டுக்கொடுத்ததுதான் இந்தப் பிளான்ல எனக்கு இருக்கற ஒரே வருத்தம், மறைக்க வேண்டியதில்ல. ஆனா அதோட பான்டனாலும் சேர்த்தா ரெண்டு நாடு, நடுவுல ரெண்டு மூணு நாள் பயணத்துலயே போயிடும்.

ஒரு ஞாயித்துக்கிழமை மேப்பை விரிச்சு வச்சு பாத்துட்டு இருக்கும்போதுதான் அக்கா பென்சிலால ஒரு இடத்தைச் சுத்தினா. பிரேசில்ல மாட்டோ க்ரோஸோ மாநிலம். அடர்ந்த காடுன்னு அர்த்தம். நம்ம தமிழ்நாடு மாதிரி கிட்டத்தட்ட 7 மடங்கு பெருசு. வடக்குப் பக்கம் அமேசான் மழைக்காடு, நடுவுல செராடோங்கற புல்வெளிக் காடு, தெக்குல பான்டனால் சதுப்பு நிலம். மூணுக்கும் வாசல் குயாபா ஊர்தான். அங்கேர்ந்து வடக்க ஆல்டா ஃப்ளோரெஸ்டாவுக்கு சின்ன ஃப்ளைட், தெக்க போக்கோனே வழியா ரோடு. நாங்க தேடின மழைக்காடும் சதுப்பு நிலமும் ஒரே மாநிலத்துல இருந்திருக்கு, இத்தனை மாசமா நாங்க கண்டம் முழுக்க அலைஞ்சிருக்கோம்.

இங்க ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லணும். எதுக்கு முதல்ல போறதுங்கறது ரொம்ப முக்கியம். மழைக்காட்டுக்கு முதல்ல போங்க, சதுப்பு நிலத்தைக் கடைசில வைங்க. மழைக்காடுன்னா உயிரினங்க குவிஞ்சு கிடக்கும்தான், ஆனா கண்ணுக்குத் தெரியாது, எல்லாம் 30 மீட்டர் உயரத்துல இலைக்குப் பின்னாடி இருக்கும், காதுலதான் கேட்கும், முதல் ரெண்டு நாள் ஒரு வால் நுனியும் ஒரு நிழலும்தான் கிடைக்கும். பான்டனால் திறந்த வெளி, வண்டில உக்காந்தபடியே முதலை, கேபிபராங்கற பெரிய எலி இன விலங்கு, கொக்கு நாரைன்னு எண்ண முடியாத அளவுக்கு தெரியும். அதைப் பாத்த கண்ணோட காட்டுக்குள்ள போனா காடு காலியா இருக்கற மாதிரி இருக்கும், அது காட்டுக்குச் செய்யற அநியாயம்.

அதனால முதல் 5 ராத்திரி ஆல்டா ஃப்ளோரெஸ்டா பக்கத்துல க்ரிஸ்டலினோ ஆத்தோரம். இந்த ஊரே 1976ல காட்டை வெட்டி உருவாக்கின ஊர், ஃப்ளைட்ல வரும்போது ஜன்னல் வழியா சோயா வயலும் மாட்டுப் பண்ணையுமாத்தான் தெரியுமாம், அமேசான் அழிஞ்சுட்டு வர்ற அந்த வளையத்து மேலயே பறந்து போறோம். அப்புறம் டெலிஸ் பீரிஸ் ஆத்துல படகு ஏறி க்ரிஸ்டலினோவுக்குள்ள திரும்பினா தண்ணி நிறமே மாறிடும். அது கருநீர் ஆறு, இலைதழை ஊறி டீ டிகாக்‌ஷன் மாதிரி இருக்கும், புளிப்புத் தன்மை அதிகங்கறதால கொசு பெருகறது கம்மி. அக்காவுக்கு கொசு கடிச்சா உடம்பெல்லாம் தடிச்சுடும், அதனால இதை நான் ரெண்டு மூணு இடத்துல உறுதி பண்ணிக்கிட்டேன். அங்க காட்டுக்கு நடுவுல 50 மீட்டர் உயரத்துக்கு ரெண்டு இரும்புக் கோபுரம் இருக்கு, விடியறதுக்கு முன்னாடியே ஏறி நின்னா மரக்கூரைக்கு மேலேர்ந்து பாக்கலாம். பிரேசில்ல மட்டுமே இருக்கற வெள்ளை மீசை சிலந்திக் குரங்கு அங்க இருக்கு. அக்கா முட்டியை வச்சுக்கிட்டு 50 மீட்டர் ஏறணுமேன்னு இப்பவே எங்க அப்பார்ட்மென்ட் மாடிப்படில தினமும் ரெண்டு தடவை ஏறி இறங்கறா, லிஃப்ட் பக்கமே போறதில்ல.

அப்புறம் பான்டனால். உலகத்துலயே பெரிய வெப்பமண்டல சதுப்பு நிலம் இதுதான், பெரும்பகுதி பிரேசில்ல, கொஞ்சம் பொலிவியாவுலயும் பராகுவேலயும். தட்டு மாதிரி தட்டையான நிலம், பராகுவே ஆறு ஒரு கிலோமீட்டருக்கு சில சென்டிமீட்டர்தான் சரியுது, அதனால வடக்க ஜனவரில பெய்யற மழை தெக்கு ஓரம் போய்ச் சேர மாசக்கணக்குல ஆகும். நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் மழை, வெள்ளம் எல்லாத்தையும் மூடிடும். மே மாசத்துக்கு அப்புறம் தண்ணி வடிய வடிய மீனெல்லாம் குட்டைகள்ல மாட்டிக்கும், அதைத் தின்ன பறவை வரும், முதலை வரும், முதலையைத் தின்ன ஜாகுவார் வரும். ஜாகுவாருக்கு ஜூலைலேர்ந்து செப்டம்பர் வரை நல்ல சமயம். நாங்க அதுல முன்பாதியை எடுத்ததுக்குக் காரணம் புகை. 2020ல பான்டனால்ல கால்வாசிக்கும் மேல எரிஞ்சு போச்சு, 2024லயும் பெரிய தீ. ஆகஸ்டு செப்டம்பர்தான் தீ அதிகம். ஜூலைல பிரேசில்ல ஸ்கூல் லீவு, கூட்டமும் வாடகையும் கூடும்தான், பரவாயில்லன்னு எடுத்தோம். இன்னொரு விஷயம், நாம வெயில் நாடுன்னு நினைச்சு ஸ்வெட்டர் எடுக்காம போயிடுவோம், ஆனா ஜூன் ஜூலைல தெக்குலேர்ந்து குளிர்காத்து மேல ஏறி வந்து மழைக்காட்டுலயே ரெண்டு மூணு நாள் நடுங்க வச்சுடும், அதனால ஆளுக்கு ஒரு ஜாக்கெட் கட்டாயம்.

போக்கோனேலேர்ந்து தெக்க போர்ட்டோ ஜோஃப்ரே வரைக்கும் சுமார் 145 கிலோமீட்டர் ஒரு மண் ரோடு, ட்ரான்ஸ்பான்டனேரான்னு பேரு. கொரும்பா ஊர் வரைக்கும் போட நினைச்சு குயாபா ஆத்தங்கரையில நின்னு போன ரோடு. வெள்ளத் தண்ணி போக வர நூத்துக்கும் மேல பாலம், பாதிக்கு மேல மரப்பாலமாத்தான் போட்டது, இப்ப நிறைய கான்கிரீட் ஆயிடுச்சு. ரோடு போட மண்ணைத் தோண்டின பள்ளமெல்லாம் ரெண்டு பக்கமும் குட்டையா நின்னு, வறண்ட காலத்துல பறவைக்கும் முதலைக்கும் அதுவே வீடாயிடுச்சு. இந்த ரோட்டுல ஒரு மாட்டுப் பண்ணைல ரூம் எடுத்திருக்கோம். பான்டனால்ல பெரும்பாலான நிலம் தனியார் பண்ணைதான், பூங்கான்னு வேலி போட்டது கொஞ்சம்தான்.

அந்தப் பண்ணையைத் தேர்ந்தெடுத்தது அக்கா. காரணம் நீல மக்காவ், மூக்குலேர்ந்து வால் வரைக்கும் ஒரு மீட்டர் நீளம், பறக்கற கிளிகள்லயே நீளமானது. அவ இதைப் பத்தி பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டா, நானும் நிறுத்தச் சொல்ல மாட்டேன். அது திங்கறதே அக்குரி, பொக்கயூவான்னு ரெண்டு வகை பனைக் கொட்டைதான். அக்குரி பழத்தை மாடு தின்னுட்டு சதையை மட்டும் செரிச்சு கொட்டையை வெளிய போட்டுடும், இந்தக் கிளி மாட்டுப்பட்டிக்கு வந்து அந்தச் சுத்தமான கொட்டையைப் பொறுக்கி உடைச்சுத் தின்னும். அதனாலதான் பண்ணை வீட்டு வாசல்லயே பாக்க முடியுது. கூடு வைக்கறது மந்துவிங்கற மரத்துப் பொந்துல, வேற மரம் பெரும்பாலும் ஆகாது, அந்த மரமும் 60 வயசாவது தாண்டினாத்தான் அவ்ளோ பெரிய பொந்து விழும். இதுல அக்காவுக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் டூக்கான்ங்கற பெரிய அலகுப் பறவை. அந்த மக்காவ் முட்டையைப் பெருமளவு திருடித் தின்னறது டூக்கான்தான், ஆனா மந்துவி விதையைத் தின்னு காடு முழுக்கப் பரப்பறதும் பெரும்பாலும் அதே டூக்கான்தான். அது இல்லன்னா முட்டை தப்பிக்கும், மரம் இருக்காது. கூண்டுக்காகப் பிடிச்சு வித்து 80கள்ல ரொம்பக் குறைஞ்சுபோன கிளி இது, நேய்வா கெடஸ்ங்கற ஒரு பெண் உயிரியலாளர் 1990லேர்ந்து மரம் மரமா ஏறி, பொந்தைச் சரி பண்ணி, மரப்பெட்டிக் கூடு வச்சு இதைத் திரும்பக் கொண்டு வந்திருக்காங்க. அவங்களைப் பத்தி பேசும்போதெல்லாம் அக்கா குரல் மாறிடும்.

கடைசில போர்ட்டோ ஜோஃப்ரே. தினமும் காலைல படகுல ஏறி குயாபா ஆறு, அதோட கிளை ஆறுன்னு சாயங்காலம் வரைக்கும் கரையையே பாத்துட்டுப் போகணும். ஜாகுவார் உலகத்துல வேற எங்கயும் இவ்ளோ சுலபமா தெரியறதில்ல. நம்ம சிறுத்தை மாதிரி இருக்கும், ஆனா உடம்புல இருக்கற ரோஜா வட்டத்துக்குள்ள புள்ளி இருக்கும், தாடை பெருசு, இங்க உள்ள ஆண் 100 கிலோவைத் தாண்டும், தண்ணில குதிச்சு முதலையோட பின்மண்டையைக் கடிச்சே கொல்லும். மாட்டை அடிக்குதுன்னு ஒரு காலத்துல பண்ணைக்காரங்க சுட்டுத் தள்ளினாங்க, தோலுக்காகவும் கொன்னாங்க, 1967ல பிரேசில் வேட்டையைத் தடை பண்ணிச்சு, 1975ல சர்வதேச வியாபாரத்துக்கும் தடை வந்துச்சு. இப்ப அதைப் பாக்க வர்றவங்க குடுக்கற பணத்துலயே அங்க பல குடும்பம் பிழைக்குது. எங்க செலவுல பெரும்பங்கு இந்தப் படகுக்கும் தங்கறதுக்கும்தான் போகுது, அதை நினைச்சா எனக்குக் கஷ்டமாவே இல்ல. ராட்சச நீர்நாயும் அதே ஆத்துல இருக்கு, ஒன்னேமுக்கால் மீட்டர் வரை வளரும்.

விசா, சாப்பாடு இதெல்லாம் சுருக்கமா சொல்லிடறேன். பிரேசிலுக்கு நமக்கு விசா வேணும். சைவம்னா சோறும் பீன்ஸும் எங்க போனாலும் கிடைக்கும், ஆனா பீன்ஸ்ல கறி போட்டு வேகவைக்கறது உண்டு, "செம் கார்னி"ன்னு ரெண்டு வார்த்தை கத்துக்கிட்டோம், கறி இல்லாமன்னு அர்த்தம். மரவள்ளிக்கிழங்கு தினமும் இருக்கும். சேலம் ஜவ்வரிசிக்கு மூலமான அந்தக் கிழங்கு பயிரானதே அமேசானோட தெக்கு ஓரத்துலதான், அதாவது நாங்க போற பக்கம்தான்.

எங்களை நிஜமாவே பயமுறுத்தினது மஞ்சள் காய்ச்சல் ஊசி. பிரேசில் போயிட்டு திரும்பி வரும்போது அந்த ஊசி போட்டதுக்கான சர்டிஃபிகேட், அதாவது மஞ்சள் அட்டை இல்லன்னா நம்ம ஏர்போர்ட்லயே 6 நாள் வரைக்கும் தனியா வச்சுடுவாங்க. போட்டு 10 நாள் கழிச்சுத்தான் சர்டிஃபிகேட் செல்லும், ஆனா 2016லேர்ந்து ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் போதும். இது உயிருள்ள கிருமியை பலவீனமாக்கிச் செஞ்ச ஊசி, 60 வயசுக்கு மேல முதல் தடவையா போட்டுக்கறவங்களுக்கு மோசமான பின்விளைவு வர வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். டிக்கெட் போடறதுக்கு முன்னாடி இதைத்தான் முடிக்கணும்னு நான் பிடிவாதமா இருந்தேன். எங்க டாக்டர் அக்காவோட பழைய ரிப்போர்ட் எல்லாம் பாத்து, நோய் எதிர்ப்பைக் குறைக்கற மருந்து எதுவும் எடுக்கறாளான்னு கேட்டு, ரெண்டு வாரம் யோசிச்சு எழுதிக் குடுத்தார். அந்த ரெண்டு வாரம் நாங்க ரெண்டு பேரும் பிரேசில்ங்கற பேச்சையே எடுக்கல. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல ஊசி போட்டுக்கிட்டு வந்து பத்து நாள் அவளுக்கு தினமும் ரெண்டு வேளை டெம்பரேச்சர் பாத்தேன். ஒண்ணும் வரல. பதினோராவது நாள் காலைல டிக்கெட் போட்டேன்.

பைனாகுலர் ரெண்டு வாங்கினோம், 8x42, அதாவது 8 மடங்கு பெருக்கறது. 10 மடங்கு பெருக்கறது வேணும்னு நான் நினைச்சேன், ஆனா மரத்தடி இருட்டுல கை ஆடாம, வெளிச்சமா தெரியறதுக்கு 8தான் சரி. வெள்ளைச் சட்டை எல்லாம் வேண்டாம், மங்கின பச்சை, காக்கி போதும், பேன்ட்டை சாக்ஸுக்குள்ள விட்டுக்கணும், புல்லுல சின்ன உண்ணி நிறைய.

ஒரு விஷயம்தான் முடிவாகாம இருந்துச்சு. பண்ணைல 3 ராத்திரி, போர்ட்டோ ஜோஃப்ரேல 4ன்னு நான் போட்டிருந்தேன், ஜாகுவாருக்கு ஒரு நாள் கூட இருந்தா நல்லதுன்னு. அக்கா எதுவும் சொல்லல, ஆனா அந்த 3ஐப் பாத்துட்டே இருந்தா. போன வாரம் அங்க எங்களோட வரப்போற கைடுக்கு எழுதிக் கேட்டேன், ஜூலைல நீல மக்காவ் என்ன பண்ணிட்டு இருக்கும்னு. ஜோடி ஜோடியா மந்துவி மரத்துக்கு வந்து பொந்துக்குள்ள தலையை விட்டுப் பாத்து இந்த வருஷத்துக்கு எது நல்ல பொந்துன்னு சண்டை போட்டுட்டு இருக்கும், பண்ணை வாசல்லேர்ந்து 200 அடில ஒரு மரம் இருக்குன்னு பதில் வந்துச்சு. அதை அக்காகிட்ட படிச்சுக் காட்டிட்டு நோட்டை எடுத்து 3ஐ 4 ஆக்கினேன், 4ஐ 3 ஆக்கினேன். அவ கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு, படி ஏறப் போயிட்டா.