மூலை பழகுதல்

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் இப்போது வார இறுதிக் கைவினை வகுப்புகளுக்குப் பஞ்சமில்லை. இரண்டு மணி நேரத்தில் மண்பாண்டம், இரண்டு மணி நேரத்தில் பாத்தேக் துணிச்சாயம், இரண்டு மணி நேரத்தில் நீர்வண்ண ஓவியம். போனவர்கள் கையில் ஒரு பொருளோடு திரும்புகிறார்கள். போகட்டும், நல்லதுதான். எனக்கு உள்ள வருத்தம் ஒன்றே ஒன்று: அங்கே யாரும் எதையும் இரண்டாம் முறை செய்வதில்லை.

நான் சனிக்கிழமைகளில் பட்டர்வொர்த்திலிருந்து பெரி ஏறி, லிட்டில் இந்தியாவை ஒட்டிய சந்து ஒன்றிலிருக்கும், படங்களுக்கு மரச்சட்டம் போடும் பிரேம் கடைக்குப் போகிறேன். கடைக்கார ஐயா அப்பாவின் பழைய நண்பர். பாடம் என்று எதுவும் நடத்த மாட்டார். ஓரத்தில் ஒரு மேசை, ஒரு ரம்பம், மீதம் விழுந்த சட்டத் துண்டுகள் போட்ட வாளி. அவ்வளவுதான் என் பள்ளிக்கூடம். படம் எதையும் என் கையில் கொடுப்பதில்லை. வெறும் சட்டம், அதிலும் மூலை மட்டும்.

மூலையில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். வாரத்தில் ஐந்து நாள் சரக்கு நிறுவனமொன்றில் கணக்கெழுதுகிறவளுக்குக் கணக்கில்தான் வாய் திறக்கும். ஒரு சட்டத்துக்கு மூலை நான்கு. மூலைக்கு இரண்டாக வெட்டு எட்டு. ஒவ்வொன்றும் 45 டிகிரியில் இருக்க வேண்டும். ரம்பம் அரை டிகிரி சாய்ந்திருந்தால் ஒரு வெட்டில் கண்ணுக்கே தெரியாது. ஆனால் எட்டு வெட்டிலும் அதே அரை டிகிரி சேர்ந்தால் நான்கு டிகிரி. முதல் மூன்று மூலைகளும் அழகாக மூடிக்கொள்ளும். நான்காவது வாய் பிளந்து நிற்கும். அந்தப் பிளவில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்துத் தங்கச் சாயம் பூசிவிடும் வித்தையும் உண்டு. ஐயா அதைச் செய்ய விடமாட்டார். விற்கிற சட்டத்திலேயே விடாதவர் பழகுகிற சட்டத்தில் விடுவாரா?

கோணம் சரியாக அமைந்தாலும் பாதிக் கிணறுதான். எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் ஒரே நீளமாக இல்லாவிட்டால் மூலை மறுபடியும் திறக்கும். மொத்த அளவு ஒரு மில்லிமீட்டர் கூடினால் ஐயா கண்டுகொள்வதில்லை. ஜோடிக்குள் ஏற்றத்தாழ்வு வந்தால்தான் முகம் மாறும். “ஜோடி சேர்கிறதா, பார் அம்மா” என்பார். பார்ப்பது என்றாலும் வேலை செய்வது விரல்தான். இரண்டு துண்டுகளையும் முதுகோடு முதுகாக நிறுத்தி, நுனியில் கட்டை விரல் நகத்தை ஓட்ட வேண்டும். கண்ணுக்குப் படாத ஏற்றம் நகத்தில் இடறும். அதனால் ஒவ்வொரு துண்டையும் நாடா வைத்து அளப்பதில்லை. மேசையில் ஒரு தடுப்புக் கட்டையை இறுக்கிவிட்டு, ஜோடியில் இரண்டையும் அதிலேயே முட்டவைத்து அறுக்கிறேன்.

பசைக்கும் ஒரு முறை இருக்கிறது. வெட்டிய முனையில் மர நரம்புகள் வாய் திறந்திருப்பதால் முதலில் தடவுகிற பசையைக் குடித்துவிடும். மெல்லியதாக ஒரு பூச்சு தடவி, சற்று இழுத்துக்கொள்ள விட்டு, இரண்டாவது பூச்சைப் போட்ட பிறகே மூலையைப் பிடியில் இறுக்க வேண்டும். கண்ணாடி வெட்டுவதை இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன். உடைந்த பழைய பிரேம்களின் 2 மில்லிமீட்டர் கண்ணாடிகளை ஐயா எனக்காக எடுத்து வைக்கிறார். கீறல் ஒரே இழுப்பாக, ஒரே அழுத்தத்தில் போக வேண்டும். போட்ட கோட்டிலேயே திரும்ப ஓட்டினால் வெட்டுக் கருவியின் சக்கரமும் கெடும், கண்ணாடியும் தன் இஷ்டத்துக்கு உடையும். சரியான கீறலைக் காதால் கண்டுபிடிக்கலாம்: தொடக்கம் முதல் கடைசிவரை அறுபடாத ஒரே சீறல்.

மாலையில் வீட்டில் பென்சில். இதிலும் படம் இல்லை. கையை மணிக்கட்டில் மடக்காமல் தோளிலிருந்து நகர்த்தி நேர்கோடுகள். பிறகு செம்பின் வாய். பிறகு கெட்டியான 2எச் பென்சிலில் தொடங்கி மென்மையான 6பி பென்சில் வரை வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போகும் கட்டங்கள். செம்பின் வாயை வரைவது இந்த உலகத்திலேயே கடினமான வேலைகளில் ஒன்று என்று இப்போது நம்புகிறேன். கூச்சிங்கில் 1896இல் பிறந்து பினாங்கில் வாழ்ந்த யோங் முன் சென்னின் நீர்வண்ண ஓவியங்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். முன்பெல்லாம் தென்னையும் கடலும்தான் கண்ணில் படும். இப்போது அவர் வண்ணம் தொடாமல் விட்ட வெள்ளைத் தாளைத்தான் முதலில் தேடுகிறேன்.

கடைக்கு வரும் படங்களில் சாமிப் படங்கள் பாதி, பட்டமளிப்பு விழாப் படங்கள் மீதி. இடையில் எப்போதாவது ஒரு தோட்டத்துப் படம் வரும். ரப்பர் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்த தாத்தா, பின்னால் நிற்கும் பாட்டி. பினாங்கின் ஈரக் காற்றில் பல வருடம் இருந்து, படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கும். பிய்த்துத் தரச் சொல்வார்கள். பிய்த்தால் தாத்தாவின் முகம் கண்ணாடியில் தங்கிவிடும். ஐயா தொடவே மாட்டார். கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் செய்து, புதிதாக அச்சடித்துக் கொண்டுவரச் சொல்லி அனுப்புவார். அதற்கு ஓர் அம்மாள் கோபித்துக்கொண்டு வேறு கடை தேடிப் போனதும் உண்டு.

ஒட்டிக்கொள்வதற்குக் காரணம், படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்று இல்லாததுதான். ஓவியத்தைச் சுற்றி வைக்கிற மவுண்ட் அட்டையை அழகுக்கு என்றே நினைத்திருந்தேன். அதன் முதல் வேலை கண்ணாடியைத் தள்ளி நிறுத்துவது. அட்டை அமிலமற்றதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓரத்தில் பழுப்பேறும். ஓவியத்தை அதில் செல்லோடேப்பால் ஒட்டவே கூடாது. மெல்லிய ஜப்பானியத் தாளை மாவுப் பசையால் ஒட்டி, மேல் விளிம்பில் மட்டும் தொங்கவிட வேண்டும். அப்போதுதான் மழைக்காலத்தில் தாள் விரிந்தாலும் சுருக்கம் விழாது.

சாமிப் படத்துக்கு இது போதாது. நம் வீடுகளில் கண்ணாடி மேலேயே சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். வெள்ளிக்கிழமை ஈரத்துணியால் துடைக்கிறோம். அந்த நீர் வழிந்து கீழ்ச்சட்டத்தின் பள்ளத்தில் தங்கி, அங்கிருந்து தாளில் ஏறுகிறது. முருகன் படங்களில் பாதத்தில்தான் முதலில் கறை படிகிறது. ஐயா கண்ணாடி, படம், பின்னட்டை மூன்றையும் சேர்த்து நான்கு ஓரமும் டேப் சுற்றிய பிறகே சட்டத்தில் இறக்குவார். பின்பக்கக் கீழ் மூலைகளில் இரண்டு ரப்பர் குமிழ்களும் ஒட்டுவார். இங்குள்ள பழைய கடைவீட்டுச் சுவர்கள் ஈரம் இழுப்பவை, படம் சுவரைத் தொடக் கூடாது.

அந்தக் குமிழ் ஒட்டும் வேலையை மட்டும் இப்போது எனக்கு விட்டிருக்கிறார். உங்கள் பூஜையறைப் படத்தைத் திருப்பிப் பாருங்கள். குமிழ் இல்லையென்றால் எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கும்; ஒட்டுவதற்கு என்னைப் போல வருடக்கணக்கில் பழகத் தேவையில்லை.