உழக்கில் நின்றவள்

செப்டம்பர் 29, 2024, ஞாயிறு

பரணிலிருந்து கொலுப் பெட்டியை இறக்கினோம். தசாவதார செட்டுக்கு அடியில், பாட்டியின் நூல்புடவைக் கிழிசலுக்குள் என் பார்பி. எடுத்ததுமே விரலில் ஒட்டியது. கால் முழுக்கப் பிசுபிசுப்பு. வினைல் வளைந்து கொடுப்பதற்காகச் சேர்க்கும் பொருள் வருஷம் போகப் போக மேலே கசிந்து வரும். தெரிந்த விஷயம்தான், ஆனாலும் மனசு கேட்கவில்லை. பாத்திர சோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து மூன்று தடவை துடைத்தேன். முடியை நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுத்தேன். முழங்காலை மடக்கினால் அதே 'டிக்' சத்தம் இன்னும் வருகிறது! அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

1992-ல் பம்பாயிலிருந்து வந்த அத்தை வாங்கி வந்தாள். புடவை கட்டி, பொட்டு வைத்த பார்பி. முதுகின் கீழே 1966 என்று பொறித்திருக்கும். அது அவள் பிறந்த வருஷம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அந்த உடல் அச்சின் காப்புரிமை வருஷம் அது என்பது பின்னால்தான் தெரிந்தது. அதே எண் பல வருஷம் பொம்மைகளில் தொடர்ந்து வந்திருக்கிறது.

அக்டோபர் 2, புதன், அமாவாசை

படி கட்டியாயிற்று. மரப்பாச்சி ஜோடிக்கு மேல்படி. பார்பியைக் கையில் வைத்துக்கொண்டு மகள் கேட்டாள்: "அம்மா, இவ ஏம்மா நிக்கவே மாட்டேங்கறா?"

குதிகால் செருப்புக்காகவே வார்த்த பாதம், எப்போதும் நுனிக்காலில்தான். முதல் வருஷம் நானும் இதைத்தான் பாட்டியிடம் கேட்டு அழுதேன். பாட்டி உழக்கு நிறைய அரிசி கொண்டுவந்து, முழங்கால் வரை அவளை அதில் இறக்கி, பக்கங்களை விரலால் அழுத்தினாள். அசையவில்லை. "சீமைக்காரியா இருந்தா என்னடி, நம்மாத்துக்கு வந்துட்டா. கொலுவுல நிக்கட்டும்" என்றாள். அன்றிலிருந்து அவள் இடம் மரப்பாச்சிக்குப் பக்கத்தில்தான். இன்றும் அதே உழக்குதான், அரிசி மட்டும் புதுசு.

அக்டோபர் 6, ஞாயிறு

அவளோடு வந்த புடவை எப்போதோ நைந்து போயிற்று. இன்று புதிதாக ஒன்று தைத்தேன்.

பதினொன்றரை அங்குல உயரம், அதாவது ஆளின் ஆறில் ஒரு பங்கு. துணி மட்டும் ஆறில் ஒரு பங்காக மெலியாது. கொசுவம் வைத்தால் இடுப்பு மூட்டையாகப் புடைத்துக்கொள்ளும். பாட்டி இதற்குத் தாத்தாவின் பழைய வேஷ்டியைத்தான் எடுப்பாள். துவைத்துத் துவைத்து, விளக்கைப் பிடித்தால் சுடர் தெரியுமளவு மெலிந்த துணி. கொசுவத்தை ஐந்துக்கு மேல் வைக்க விடமாட்டாள். ஒவ்வொரு மடிப்பையும் சொம்பில் சுடுதண்ணீர் ஊற்றி, அதன் அடியால் தேய்த்துப் படிய வைப்பாள். மரப்பாச்சிக்கும் அதே வேஷ்டி, அதே சொம்பு. ஊசி பிடிக்க நான் கற்றது அந்த இரண்டு பொம்மைகளுக்கு நடுவில் உட்கார்ந்துதான். இன்று தையல்தான் என் பிழைப்பு.

பார்பியை உருவாக்கிய அமெரிக்கப் பெண்மணி ரூத் ஹேண்ட்லர், தன் மகள் பார்பரா காகிதப் பொம்மைகளோடு விளையாடுவதைக் கவனித்தார். அந்தக் குழந்தை அவற்றைப் பாப்பாவாகத் தாலாட்டாமல், பெரிய பெண்களாகப் பேச வைத்துக்கொண்டிருந்தது. அதுவும், ஜெர்மனியின் லில்லி என்ற பொம்மையும் சேர்ந்துதான் பார்பி ஆனது. 1959 மார்ச் 9 அன்று நியூயார்க் பொம்மைக் கண்காட்சிக்குக் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட நீச்சலுடையில் வந்தாள். இதைப் படித்தபோதெல்லாம் எனக்கு மரப்பாச்சிதான் ஞாபகம் வரும். அதுவும் பாப்பா இல்லையே, கல்யாணச் சீரில் வரும் ஆணும் பெண்ணும்தானே! நம் வீட்டுச் சிறுமிகள் அவர்களுக்கு உடுத்திவிட்டு, சமைத்துப் போட்டு, சண்டை போட வைத்துத்தான் வளர்ந்தார்கள். பாட்டிக்கு பார்பி அந்நியமாகத் தெரியாததன் காரணம் எனக்கு அங்கேதான் பிடிபட்டது.

அக்டோபர் 9, புதன்

கடலைப்பருப்பு சுண்டல். வந்த குழந்தைகள் எல்லோரும் உழக்கைச் சுற்றியே. ஒருத்தி புடவைத் தலைப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, நிஜப் புடவை!" என்றாள்.

அக்டோபர் 12, சனி, விஜயதசமி

ராத்திரி ஆரத்தி முடிந்தது. மகள் மரப்பாச்சி ஜோடியைப் படுக்க வைத்தாள். பிறகு உழக்கிலிருந்து பார்பியை மெதுவாக உருவி, முழங்காலில் ஒட்டியிருந்த இரண்டு அரிசியைத் தட்டிவிட்டு, பக்கத்தில் கிடத்தினாள்.

"அம்மா, இவ கண்ணை மூடலையே."

பெட்டியிலிருந்து பாட்டியின் நூல்புடவைக் கிழிசலை எடுத்துக் கொடுத்தேன். மூன்று பேருக்கும் சேர்த்துப் போர்த்தினாள்.