சித்தப்பா வாங்கிட்டு வந்த வைட்டமின் ஈ

அப்பாவுக்கு பார்க்கின்சன்னு, அதான் கை நடுங்கி உடம்பு இறுகிப் போற மூளை நோய்னு, தெரிஞ்ச மறுநாளே சித்தப்பா ஒரு டப்பா வைட்டமின் ஈ கேப்சூலோட வந்துட்டாரு. அவர் சொன்ன காரணம் ஒண்ணும் தப்பில்ல, மூளை உடம்பு எடைல 2 சதவீதம்தான் ஆனா ஆக்சிஜன்ல கிட்டத்தட்ட 20 சதவீதத்த அதுவே இழுத்துக்குது, அதுலயும் இந்த நோய்ல அழிஞ்சு போற டோபமைன் செல்லுங்க (உடம்பு அசைவுக்கு வேண்டிய டோபமைன்ங்கிற ரசாயனத்த சுரக்குற செல்லுங்க) இருக்கே, டோபமைன் சிதையுறப்பவே ஹைட்ரஜன் பெராக்சைடு வருது, பக்கத்துல இரும்பு வேற, ரெண்டும் சேந்தா செல்ல அரிக்குறதுக்கு கேக்கணுமா, அந்த அரிப்ப வைட்டமின் ஈ தடுக்கும்னு அவர் கணக்கு. ஆனா அமெரிக்கா, கனடாவுல 800 பார்க்கின்சன் நோயாளிங்கள வெச்சு தினம் 2000 யூனிட் வைட்டமின் ஈ குடுத்துப் பாத்தாங்க, 1993ல ரிசல்ட் வந்துச்சு, ஒரு பிரயோஜனமும் இல்ல. 2014ல கோ-என்சைம் க்யூ10ங்கிற இன்னொரு சத்து மாத்திரையோட கதையும் இதேதான். டப்பா விலைய பாத்தா எனக்கு வயிறு எரியுது!

வித்தியாசம் தெரிஞ்சது சாப்பிடுற நேரத்த மாத்தினப்பதான். மூளைக்குப் போய் டோபமைனா மாறுற லெவோடோபா மாத்திரையும் பருப்பு, முட்டைல இருக்குற புரதமும் குடல்ல ஒரே வாசல்ல முட்டிக்கிட்டு நிக்குமாம். டாக்டர்கிட்ட கேட்டுட்டு மாத்திரைய டிபனுக்கு அரை மணி முன்னாடி ஆக்கினோம், முட்டை, சுண்டல் எல்லாம் ராத்திரிக்கு. இப்ப காலைல சட்டை பட்டன அவரே போட்டுக்குறாரு, கழுத்துப் பட்டன் மட்டும் அம்மா.